பூந்தொட்டி ஒரு சாண் நகர்ந்த வரலாறு

பொதுமக்களின் நலனை முன்னிட்டும், பேருந்து நிலையத்தின் அழகை மேம்படுத்தும் பொருட்டும், மேலாளர் அவர்களின் நேரடி மேற்பார்வையில் கூடத்தின் நடுவே ஒரு பூந்தொட்டி நிறுவப்பட்டது.

சாதாரணத் தொட்டி இல்லை. சிமெண்டில் வார்த்தது. இடுப்பு உயரம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று கைகோத்தால்தான் அதைக் கட்டிப்பிடிக்க முடியும். வயிற்றில் ஒரு பித்தளைத் தகடு. அதில் 'அனைவரையும் அரவணைக்கும் பேருந்து நிலையம் - சிறப்புப் பரிசு' என்று பொறித்திருந்தது. பார்வையற்றவர்கள் காலால் உணர்ந்து நடப்பதற்காக, வாசலிலிருந்து உள்ளே வரை வரிவரியாக மேடு வைத்த மஞ்சள் கல் பதித்திருந்தார்கள். அதற்காகக் கிடைத்த பரிசு இது. பரிசை ஓரத்தில் வைத்தால் கொடுத்தவர்கள் மனம் கோணும். ஆகவே மேலாளர் நாடா பிடித்து நீள அகலம் அளந்து, கூடத்தின் மிகச்சரியான மையத்தைக் கண்டுபிடித்தார். அந்த மையம் மஞ்சள் கல்லின் மேலேயே விழுந்தது. அது மையத்தின் குற்றமே தவிர மேலாளரின் குற்றம் அல்ல.

அந்த மஞ்சள் கல்லில் தினமும் நடப்பவள் ஒருத்தி இருந்தாள். பத்தொன்பது வருடங்களாக அங்கே மைக்கில் பஸ் அறிவிப்புச் சொல்பவள். பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை இல்லை. பஸ் உள்ளே திரும்பும்போதே என்ஜின் இருமுகிற இருமலை வைத்து இது எத்தனாம் நம்பர், எந்த டிரைவர், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாரா இல்லையா என்பது வரை சொல்லிவிடுவாள். ஊரே அவளை 'அறிவிப்பக்கா' என்று கூப்பிட்டது. அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர்களும் அக்கா என்றே அழைத்தார்கள். பதிலுக்கு அவள் அவர்களை அண்ணே என்பாள். யாருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை.

வாசலிலிருந்து அவள் அறைக்கு நூற்றுப்பன்னிரண்டு அடி. அறுபத்தோராவது அடியில், தொட்டி வந்த அன்று காலை, முழங்கால் எதிலோ போய் மோதியது. யாரோ பருத்த பயணி நிற்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி விலகிப் போனாள். மறுநாளும் அதே இடத்தில் மோதினாள், மன்னிப்புக் கேட்டாள். மூன்றாம் நாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தினம் இங்கயே நிக்கிறீங்க. இடிச்சா ஒரு வார்த்தை பேசவும் மாட்டேங்கிறீங்க. என்னங்க மனுஷன் நீங்க?"

பதில் வராததால் கையை நீட்டித் தொட்டாள். தலையில் இலை முளைத்திருந்தது.

இந்த விவரத்தை அவள் டிக்கெட் கவுண்டரில் இருந்த தடிக்கண்ணாடியிடம் போய்ச் சொன்னாள். அவருக்கு ஐம்பத்தைந்து வயது. பார்வை பாதிக்கும் குறைவு. புட்டியின் அடிப்பாகம் போன்ற கண்ணாடி போட்டு, எந்தத் தாளையும் மூக்கில் ஒட்டவைத்துத்தான் படிப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அக்கா, அப்ப அது தொட்டியா? ஏதோ நிழலா நிக்குதே, மேலாளர்தான் கூட்டத்தைக் கண்காணிக்கிறார்னு நினைச்சு மூணு நாளா நான் அதுக்கு வணக்கம் வெச்சுட்டிருக்கேன்."

"அது வணக்கம் சொல்லுச்சா அண்ணே?"

"சொல்லலை. அதனாலதான் மேலாளர்னு நம்பினேன்."

முழங்கால் வீங்கியிருந்தது. அவள் அலுவலகத்துக்குப் போனாள். மனு வாங்குகிற பிரிவு எழுத்தர் கடமையே கண்ணானவர். அவர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"பொருள்?"

"பூந்தொட்டி."

"பார்வை?"

"இல்லைங்க."

"அப்படிச் சொல்லக் கூடாது. பார்வை இருந்தாத்தான் மனு வாங்க முடியும்."

"பிறந்ததுலேருந்தே இல்லைங்க. எல்லாருக்கும் தெரியும்."

"அக்கா, நான் உங்க கண்ணைப் பத்திக் கேக்கலை. கடிதத்துல பொருளுக்குக் கீழே பார்வைன்னு ஒரு வரி இருக்கும். இதுக்கு முன்னாடி நீங்க எழுதின மனுவோட நம்பரை அதுல போடணும்."

"இதுதான் முதல் மனு."

"முதல் மனுவை வாங்க வழி இல்லையே. ரெண்டாவது மனுவா எழுதிட்டு வாங்க."

"முதல் மனு இல்லாம எப்படி ரெண்டாவது எழுதறது?"

"அதுக்குத்தான் முதல்ல ஒண்ணு எழுதணுங்கறது."

முக்கால் மணி நேரம் போராடி, 'பார்வை: இல்லை' என்று அவரையே எழுத வைத்தாள். அவரும் வேறொரு தடித்த பதிவேட்டைப் புரட்டினார்.

"இங்க ஒரு சிக்கல் இருக்கு. தொட்டிக்குப் பதிவு இருக்கு. சொத்து எண் நானூத்தி மூணு. இருப்பிடம் கூடத்தின் மையம். மஞ்சள் கல்லைப் பதிச்சது வேற துறை. அதுக்கு நம்மகிட்டப் பதிவே கிடையாது."

"அதனால?"

"தொட்டி இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. கல்லுதான் தொட்டிக்கு அடியில வந்து ஆக்கிரமிச்சிருக்கு. நீங்க கல்லு மேல புகார் குடுத்தா உடனே நடவடிக்கை எடுக்கலாம்."

அவள் கல்லின் மேல் புகார் கொடுக்கவில்லை. ஆனாலும் அவள் மனு வீண்போகவில்லை. மேலாளர் அதைப் படித்து மனம் உருகினார். ஒரு தொட்டியை நகர்த்துவது போன்ற அற்ப காரியத்தோடு இவ்வளவு பெரிய வேதனையை முடித்துவிடக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. பதினேழு பேர் கொண்ட அரவணைப்புக் குழு அமைக்கப்பட்டது. குழுவில் பார்வையற்றவர் யாரும் இல்லை. நடுநிலை தவறிவிடும் என்று அஞ்சினார்கள். அக்காவைச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிட்டு, திரைக்கு எதிரே முன்வரிசையில் உட்கார வைத்து, ஒன்றரை மணி நேரம் வண்ண வண்ணப் படங்கள் காட்டினார்கள். "இந்தப் படத்தைப் பார்த்தாலே உங்களுக்குப் புரியும்" என்று மேலாளர் இருபது தடவை சொன்னார். அக்கா இருபது தடவையும் தலையாட்டினாள். பக்கத்தில் இருந்தவர்களும் அவளைவிட அதிகமாக எதுவும் புரிந்துகொள்ளவில்லை என்பது அவர்கள் கொட்டாவியிலிருந்து தெரிந்தது.

கூட்டத்தின் முடிவில் தீர்மானம் நிறைவேறியது. குழுவினர் பதினேழு பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டு மஞ்சள் கல்லின் மேல் நடந்து, பார்வையற்றோர் படும் பாட்டை நேரடியாக உணர்வார்கள். அந்த நாளுக்கு 'இருளுணர் நாள்' என்று பெயர்.

அன்றிலிருந்து கண்கட்டு ஒரு மோகமாகப் பரவியது. மேலாளருக்கு ஜரிகை ஓரம் வைத்த கறுப்புப் பட்டு. எழுத்தருக்குப் பட்டு, ஜரிகை இல்லை. கடைநிலைப் பணியாளர்களுக்கு நாடா மட்டும். டீக்கடைக்காரர் பிஸ்கட் பாட்டில்களுக்கு மேலே வகைவகையாய்க் கண்கட்டுத் தொங்கவிட்டார். பயணிகள் வாங்கிக் கட்டி, 'உணர்கிறேன்' என்று எழுதிப் படம் எடுத்துப் போட்டார்கள். கண்ணைக் கட்டியதால் படம் சரியாக விழுந்ததா என்று பார்க்க உடனே அவிழ்த்தார்கள். அக்காவின் நாத்தனார்கூட மயில்கழுத்து நிறத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணி, இது எனக்கு எடுப்பா இருக்கா?"

"இருக்கும்மா."

"உங்களுக்கும் ஒண்ணு வாங்கட்டுமா?"

"எனக்கு எதுக்கு?"

"எல்லாரும் போட்டுட்டு நீங்க மட்டும் சும்மா வந்தா, இவங்களுக்கு உணர்வே இல்லைன்னு சொல்லிடப் போறாங்க."

அக்காவின் கணவர் அதே நிலையத்தில் பார்சல் பிரிவில் மூட்டை ஏற்றி இறக்கிப் பதிவு செய்கிறவர். தங்கை பேச்சைக் கேட்டு அவர் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

விழாவுக்கு முந்தின நாள் பிரிவு எழுத்தர் ஓர் ஆபத்தைக் கண்டுபிடித்தார். நடக்கிற வழியில் தொட்டி இருக்கிறது. மேலாளருக்கு முழங்காலில் அடிபட்டால் என்ன ஆவது? உடனே அவசர ஆணை பிறந்தது. நான்கு ஆட்கள் வந்து கடப்பாரையால் நெம்பி உருட்டி, தொட்டியை உரிய மரியாதையுடன் ஓரமாகக் கொண்டு வைத்தார்கள். மொத்தம் பத்து நிமிடம். அக்கா தன் அறையில் இருந்தபடி அந்த உரசல் சத்தத்தைப் பாட்டுக் கேட்பது போலக் கேட்டாள். அன்று மாலை வாசல் வரை நூற்றுப்பன்னிரண்டு அடியையும் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டே நடந்தாள். பதினாறு வயதுக்குப் பிறகு அவள் அப்படி நடந்ததில்லை.

விழாவன்று காலை பதினேழு பேரும் வாசலில் வரிசையாக நின்று கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். முதலில் மேலாளர். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுத்தர். எழுத்தர் தோளைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள். படம் எடுக்க வந்தவர், "நானும் உணராம எடுத்தா படத்துல உயிர் இருக்காது" என்று சொல்லி, அவரும் கட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டார்.

அக்காவுக்கு மைக்கில் தொடங்கி வைக்கிற வேலை. தொடங்கி வைத்தாள். பிறகு காதைத் தீட்டிக் கேட்டாள். பதினெட்டு ஜோடிக் காலடிகள் வந்தன. முப்பதாவது அடி வரை நேராக வந்தன. அதற்குப் பிறகு விலகத் தொடங்கின. மேலாளர் விழாவுக்கென்று புதிதாகத் தடித்த அடிப்பாகம் வைத்த பூட்ஸ் வாங்கியிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு மலையின் மேல் நின்றாலும் காலுக்குத் தெரியாது. மஞ்சள் கல்லை விட்டு, குடிநீர்க் குழாயைச் சுற்றி, மூன்றாம் நடைமேடைக்குப் போய், அங்கே என்ஜினை உறுமவிட்டுக்கொண்டு நின்ற இருபத்தேழாம் நம்பர் ஏரிக்கரை பஸ்ஸின் படிக்கட்டில் அவர் கால் பட்டது.

"விழா மேடை வந்துடுச்சு. படி ஏறுங்க" என்றார் மேலாளர்.

பதினெட்டுப் பேரும் ஏறினார்கள்.

"குழுவினர் கவனத்துக்கு. அது மேடை இல்லை, பஸ்" என்று அக்கா மைக்கில் சொன்னாள். பரிசோதனையின் ஒரு பகுதியாக நம்மைக் குழப்பிப் பார்க்கிறார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். அவள் தடிக்கண்ணாடியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மைக்கைப் பிடிங்க."

"நான் என்ன சொல்றது?"

"பஸ் வந்தா வந்துடுச்சுன்னு சொல்லுங்க."

"எந்த பஸ்னு?"

"அதை அவங்கவங்க பார்த்துப்பாங்க."

அடுத்த ஒரு மணி நேரம் ஒலிபெருக்கிகள் "பயணிகள் கவனத்துக்கு, ஒரு பஸ் வந்துள்ளது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தன. அக்கா ஒன்பதே எட்டு வைத்து நடைமேடையைக் கடந்து, நகரத் தொடங்கிய பஸ்ஸில் தொற்றி ஏறினாள்.

உள்ளே கண்டக்டர் கண்கலங்கிப் போயிருந்தார். இத்தனை பார்வையற்றவர்களை ஒரே நேரத்தில் அவர் பார்த்ததில்லை. இருக்கையில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு, ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். காது கேட்காதவர்களிடம் பேசுவது போல உரக்கப் பேசினார்.

"பயப்படாதீங்க. நான் இருக்கேன்."

"நான் மேலாளர்" என்றார் மேலாளர்.

பக்கத்தில் காய்கறிக் கூடையோடு இருந்த அம்மாள் அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள். "சரிப்பா, நீதான் மேலாளர். யார்கூட வந்தே? தனியா ஏன் விட்டாங்க?"

"அம்மா, நான் உண்மையாவே மேலாளர். இந்த பஸ் நிலையமே என்னோடது."

"ஆமா ராசா, எல்லாம் உன்னோடதுதான்." அவள் கண்டக்டர் பக்கம் திரும்பினாள். "பாவம், கண்ணு போனதோட சேர்த்து இதுவும் போயிடுச்சு போல."

எழுத்தரின் மடியில் யாரோ ஒரு வாழைப்பழத்தை வைத்தார்கள். "ரொம்ப நல்லா உட்கார்ந்திருக்கீங்க" என்று இன்னொருவர் அவரைப் பாராட்டினார். உட்கார்ந்ததற்காக அவர் வாழ்நாளில் பெற்ற முதல் பாராட்டு அது. அலுவலகத்தில் முப்பது வருடமாக அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

அக்கா கம்பிகளைப் பிடித்து முன்னே வந்தாள். "சார், கட்டை அவிழ்த்துடுங்க. பஸ் ஆஸ்பத்திரி பக்கம் போயிட்டிருக்கு."

"அவிழ்க்கறது நிகழ்ச்சி நிரல்ல அஞ்சாவது. நாலாவது வாழ்த்துரை. அது இன்னும் நடக்கலையே அக்கா."

"வாழ்த்துரை நிலையத்துல இருக்கு சார்."

"அப்ப அங்க போய் அவிழ்க்கறதுதான் முறை."

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அக்கா அவர்களை இறக்கினாள். மேலாளர் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். கோலைத் தட்டிக்கொண்டு நடந்தாள். ரொட்டிக்கடை வாசனை வந்த இடத்தில் வலது பக்கம் திரும்பினாள். தகரப் பட்டறைச் சத்தம் கேட்டதும், "இங்க சாக்கடை மூடி ஆடும், இடது ஓரமா வாங்க" என்றாள். பதினெட்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக இடது ஓரம் போனார்கள். பெரிய சாலையில் லாரி போய் முடிகிற வரை நின்று, அடங்கியதும் கடத்தினாள். பார்வையுள்ளவர்கள் கண்ணைக் கட்டிக்கொள்ள, பார்வையற்றவள் அவர்களை ஊர் நடுவே கூட்டிப் போகிறாள். கடை கடையாக ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஏதோ ஒரு கல்யாணக் களை அக்காவுக்கு. சிரிப்பு நெஞ்சுக்குள் குமிழி விட்டது. இனி தொட்டி திரும்பி வராது, இவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தாள். நிலையத்துக்குள் நுழைந்து மஞ்சள் கல்லில் கால் வைத்தபோது கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

இரண்டு நாள் கழித்து ஆணை வந்தது. கணவர் அதைப் படித்துக் காட்டினார்.

'குழுவினர் நேரடி அனுபவத்தின் வாயிலாக அறிந்தது யாதெனில், கண் தெரியாமல் மஞ்சள் கல்லில் முப்பது அடிக்கு மேல் நடப்பது மனித முயற்சிக்கு அப்பாற்பட்டது. ஆகவே அறிவிப்பாளர் அவர்களின் பாதுகாப்பைக் கருதி, பாதை பாதுகாப்பானது எனச் சான்றளிக்கப்படும் வரை அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, வீட்டிலிருந்தபடியே அரவணைப்புத் தூதராகச் செயல்படுவார். விழாவின் பொருட்டு அகற்றப்பட்ட சொத்து எண் 403 மீண்டும் உரிய இடத்தில் நிறுவப்படும்.'

"தூதர்னா என்ன வேலைங்க?" என்று அக்கா கேட்டாள்.

"சும்மா இருக்கறதுன்னு நினைக்கிறேன். ஆனா கௌரவமா."

அவள் நேரே மேலாளரிடம் போனாள். போகிற வழியில் அறுபத்தோராவது அடியில் முழங்கால் மோதியது.

"சார், வழி தெரியாமப் போனது நீங்க. கூட்டிட்டு வந்தது நான்."

"அதைத்தானே அக்கா நாங்களும் சொல்றோம். பார்வை உள்ள நாங்களே தவறிட்டோம். நீங்க எவ்வளவு தவறுவீங்க?"

"நான் தவறலையே."

"அதுதான் எங்களுக்குக் கவலை. பத்தொன்பது வருஷமாத் தவறலைன்னா இனிமே எப்ப வேணா தவறலாம்."

"தொட்டியை எடுத்துடுங்க. பாதை பாதுகாப்பாயிடும்."

"தொட்டியை எடுத்தாப் பரிசு போயிடும். பரிசு போனா அரவணைப்பு போயிடும். அப்புறம் உங்களைப் பத்தி யார் கவலைப்படுவாங்க, சொல்லுங்க."

அவர் குரலில் உண்மையான அன்பு இருந்தது. அவள் கோலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். எட்டு நாற்பதுக்கு அவள் வாய் தானாகவே, "ஏரிக்கரை செல்லும் இருபத்தேழு மூன்றாம் நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது" என்றது. அடுப்படியில் இருந்த நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்கா கையால் வாயை மூடிக்கொண்டாள். எட்டு ஐம்பதுக்கு மறுபடியும் மூட வேண்டியிருந்தது. ஒன்பதரை வரை பொறுத்தாள். பிறகு கோலை எடுத்தாள்.

"தூதர் வெளியே போகலாமா அண்ணி?"

"பயணியாப் போறேன்."

நிலையத்தில் மேலாளரின் சொந்தக் குரல் பதிவாகி ஒலித்துக்கொண்டிருந்தது. அட்டவணைப்படி எந்த நேரத்துக்கு எந்த பஸ் வர வேண்டுமோ அதை அந்தக் குரல் அறிவித்தது. பஸ்களிடம் அட்டவணையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் சந்தைக்குப் போனார்கள். பஸ்களின் நெற்றிப் பலகைகள் பாதி அழிந்திருந்தன. இத்தனை வருடமாக யாரும் அவற்றைப் படித்ததில்லை என்பதால் அழிந்தது யாருக்கும் தெரியாமல் போயிருந்தது.

ஆனால் மக்கள் அக்காவை மறந்துவிடவில்லை. தொட்டியின் விளிம்பிலேயே ஒரு நோட்டை வைத்து, 'அக்காவுக்காக நாம்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணூறு கையெழுத்து சேர்ந்திருந்தது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் வந்துவிட்டது. அவளைக் கண்டதும் கூடிவிட்டார்கள்.

"அக்கா, தொட்டி பக்கத்துல நில்லுங்க, ஒரு படம்."

"அக்கா, நாங்க எல்லாரும் உங்க பக்கம்தான்."

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் அக்கா. "இத்தனை பேர் இருக்கீங்களே. ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சா இதை நகர்த்திடலாம்."

கூட்டம் இளகியது. ஒருவருக்கு இடுப்பு வலி. ஒருவர் வெள்ளைச் சட்டை. ஒருவருக்கு, அரசாங்கச் சொத்தைத் தொடலாமா என்ற சட்டச் சந்தேகம். இன்னொருவர், "கையெழுத்துப் போட்டுட்டேனே அக்கா" என்றார். தீர்க்க வேண்டிய கடன் வேறெதுவும் பாக்கி இல்லாதவர் போல நிம்மதியாகச் சொன்னார். ஒரு நிமிடத்தில் தொட்டியைச் சுற்றி அக்காவும் தடிக்கண்ணாடியும் மட்டும் நின்றார்கள். தடிக்கண்ணாடி பழக்கதோஷத்தில் தொட்டிக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

இரண்டு பேரும் தள்ளிப் பார்த்தார்கள். தொட்டி அசையவில்லை. அக்கா அதன் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே ஒரு பஸ் திரும்பியது. நடைமேடையில் தவித்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்தார்.

"அக்கா, சந்தை பஸ்ஸா இது? ரெண்டு தடவை தப்பா ஏறித் திரும்பி வந்துட்டேன்."

அக்கா சொல்ல வாயெடுத்தாள். மூடிக்கொண்டாள்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி இதை ஒரு சாண் தள்ளுங்க."

"நான் ஒருத்தன் எப்படி?"

"சந்தைக்குப் போறவங்க எல்லாரும் வாங்க."

பன்னிரண்டு பேர் வந்தார்கள். இடுப்பு வலிக்காரர்தான் முதலில் தோள் கொடுத்தார். தொட்டி கிறீச்சிட்டது. ஒரு சாண் நகர்ந்தது.

"இது சந்தை இல்லை, மில் பஸ். அடுத்து வர்றதுதான் உங்களோடது" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு வரிசை கட்டினார்கள். மில்லுக்கு ஒரு சாண். சந்தைக்கு ஒரு சாண். ஏரிக்கரைக் கூட்டம் ஒன்றரைச் சாண் தள்ளிவிட்டு, பெருமையாக மில்காரர்களைப் பார்த்தது. வெள்ளைச் சட்டைக்காரர் சட்டையைக் கழற்றித் தடிக்கண்ணாடியிடம் கொடுத்துவிட்டுத் தள்ளினார். பார்சல் பிரிவிலிருந்து கணவர் ஓடிவந்து, மூட்டை உருட்டுகிற பலகையை அடியில் கொடுத்தார். பகல் பதினோரு மணிக்குத் தொட்டி மஞ்சள் கல்லை விட்டு இறங்கியது. பதினொன்றேகாலுக்குத் தலைமையகக் கூட்டத்துக்குப் போக வேண்டிய மேலாளர் கீழே வந்தார். தன் குரலை நம்பி அவரும் ஏற்கனவே ஒரு பஸ்ஸை விட்டிருந்தார். அங்குமிங்கும் பார்த்தார். முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு விரலால் தொட்டியைத் தள்ளினார்.

"நாலாம் நடைமேடை சார். ஓடுங்க" என்றாள் அக்கா.

மஞ்சள் கல் எப்போதோ விடுதலையாகிவிட்டது. ஆனாலும் பஸ்கள் வந்துகொண்டே இருந்தன. ஜனங்களுக்கும் தள்ளுகிற ருசி பிடித்துவிட்டது. எங்கே தள்ளுகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அவள் நூற்றுப்பன்னிரண்டு அடியையும் நாலு தடவை முன்னும் பின்னும் நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ ஒரு மூலையில் தொட்டி எதிலோ இடித்து நின்ற சத்தம் மட்டும் காதில் விழுந்தது. ஓரமாகத்தான் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பாதை பாதுகாப்பானது என்று அன்று மாலையே சான்று வந்தது. சான்றில் மேலாளர், 'நிர்வாகத்தின் அயராத முயற்சியால்' என்று எழுதியிருந்தார். அதில் இரண்டு விரல் அளவுக்கு உண்மை இருந்தது.

மறுநாள் காலை அக்கா அறைக்குள் வந்து, மைக்கைத் துடைத்து, விசையைப் போட்டு, தொண்டையைச் செருமினாள். முதல் பஸ்ஸைச் சொல்ல வாய் திறந்தபோது ஜன்னலுக்கு வெளியே ரப்பர் சக்கரம் ஒன்று கீச்சிட்டு நின்றது.

"அக்கா, நான் சந்தை பஸ்ஸுக்குப் போகணும். சக்கர நாற்காலி ஏறுற சரிவுக்குக் கீழே யாரோ ஒரு பெரிய தொட்டியைக் கொண்டுவந்து வெச்சிருக்காங்க. நேத்து காலை வரைக்கும் இல்லை. ஏற முடியலை."

அக்காவுக்குக் காது மடல் சுட்டது. முழங்கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை.

"யார் வெச்சாங்கன்னு தெரியுமா அக்கா?"

அவள் ஒரு கணம் யோசித்தாள்.

"நான் பார்க்கலீங்க" என்றாள்.

மைக் போட்டபடி இருந்தது. பதினாறு ஒலிபெருக்கிகளும் நிலையம் முழுக்க அதை எடுத்துச் சொல்லின. டிக்கெட் வரிசையில் தலைகள் திரும்பின. டீ ஆற்றுகிற சத்தம் நின்றது. பிறகு வரிசையிலிருந்து ஒரு குரல், "நானும் பார்க்கலை" என்றது. டீக்கடையிலிருந்து இன்னொரு குரல் வந்தது. வில்லை குத்தியவர்கள், வெள்ளைச் சட்டைக்காரர், பார்சல் பிரிவு, மாடியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டே மேலாளர் என்று ஒவ்வொருவராக, தாங்களும் பார்க்கவில்லை என்று தெரிவித்தார்கள்.

கண் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு அந்த நிமிடத்தோடு அந்தப் பேருந்து நிலையத்தில் அடியோடு ஒழிந்தது.